சிங்கன் கேட்ட கேள்விகள்

தென்காசியிலிருந்து குற்றாலத்துக்குப் பேருந்தில் போகிறவர்கள் மேலகரம் வந்ததே தெரியாமல் தாண்டிவிடுவார்கள். சாலையின் இருபக்கமும் வீடுகள் விடாமல் வருவதால், தென்காசி எங்கே முடிந்தது, மேலகரம் எங்கே தொடங்கியது என்று வெளியூர்க்காரருக்குப் பிடிபடாது. சாரல் நாட்களில் எல்லார் கண்ணும் மேற்கே மலைமீதுதான் இருக்கும். அந்த மலைக்குத் தமிழில் நிலையான பெயர் வாங்கிக் கொடுத்த திரிகூடராசப்பக் கவிராயர் பிறந்தது இந்த ஊரில். 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவர் திருக்குற்றாலக் குறவஞ்சியைப் பாடினார். 1706 முதல் 1732 வரை மதுரையை ஆண்ட முத்துவிசயரங்க சொக்கநாத நாயக்கர் அதை மெச்சி அவருக்கு நிலம் கொடுத்தார். அந்த நிலம் குறவஞ்சிமேடு என்றே அழைக்கப்பட்டது.

ஊடகமும் உடைநாகரிகமும் கருவிகளும் நம் வாழ்க்கையை எப்படி வளைக்கின்றன என்று இன்று எல்லாரும் கேட்கிறோம். கைப்பேசி வந்த நாளிலிருந்து பிறந்த கேள்வி அது என்றும் நினைக்கிறோம். மேலகரத்துக் கவிராயர் 300 ஆண்டுகளுக்கு முன்பே அதை ஒரு கணவன் வாயில் வைத்துவிட்டார். குறவஞ்சியின் கடைசிப் பகுதியைப் படிக்கிறபோதெல்லாம் எனக்கு அப்படித்தான் தோன்றுகிறது.

கதை பலருக்குத் தெரிந்ததுதான். பந்தாடிக்கொண்டிருந்த வசந்தவல்லி, பவனி வந்த குற்றாலநாதரைக் கண்டு மனம் இழக்கிறாள். ஊர் ஊராகக் குறி சொல்லி வரும் சிங்கி அவள் கையைப் பார்த்து, நினைத்தது கைகூடும் என்கிறாள். பரிசாக நகைகள் பெறுகிறாள். பறவை பிடிக்கப் போன அவள் கணவன் சிங்கன், மனைவியைக் காணாமல் தேடி அலைந்து கடைசியில் குற்றாலத் தெருவில் அவளைக் கண்டுபிடிக்கிறான். மகிழ்ச்சி ஒரு கணம்தான். உடனே அவன் கண் அவள் உடம்பில் புதிதாகக் கிடக்கிற பொருள்களின் மேல் போகிறது. ஒவ்வொன்றாகக் கேட்கத் தொடங்குகிறான்.

நகையின் பெயர் அவனுக்குத் தெரியாது. காட்டில் திரிகிறவன் கண்ணுக்குக் காடுதான் தெரிகிறது. கணுக்காலில் கிடப்பதை விரியன் பாம்பு என்கிறான். அதற்கு மேலே நெளிந்து கிடப்பது மண்புழு போல இருக்கிறது. இன்னொன்று செத்த தவளை. கால் விரலில் ஏதோ பூச்சி சுருண்டு படுத்திருக்கிறது. இடுப்பில் உடுத்தியிருப்பது வாழைக்குருத்தை விரித்து மடித்தது போல இருக்கிறது. சிங்கி தயங்காமல் பதில் சொல்கிறாள். அது சேலத்து நாட்டில் குறி சொல்லிப் பெற்ற சிலம்பு. இது கோலத்து நாட்டார் கொடுத்த முறுக்குத் தண்டை. மண்புழு என்கிறாயே, அது பாண்டியன் மகள் இட்ட பாடகம். தவளை என்றது குற்றாலர் சந்நிதிப் பெண்கள் தந்த கெச்சம். விரலில் இருப்பது கண்டி தேசத்தில் வாங்கிய காலாழியும் பீலியும். உடுத்தியிருப்பது நெல்வேலியார் தந்த சல்லாச் சேலை.

ஒரு பெண்ணின் பாதத்திலிருந்து இடுப்பு வரை ஒரு வரைபடம் விரிகிறது. சேலம், பாண்டி நாடு, நெல்லை, கடல் கடந்து கண்டி. இது இனவரைவியல் ஆவணம் அன்று. கோயிலைச் சார்ந்து வாழ்ந்த ஒரு புலவர் குறத்தியைத் தம் கற்பனையில் வரைந்தது. ஆனாலும் எந்தப் பொருள் எந்த ஊருடையது என்று கேட்பவர்களுக்குப் பழக்கமில்லாவிட்டால் இந்தப் பாட்டில் சுவையே இருந்திருக்காது. சல்லா என்றதும் நெல்லை என்பது மேடைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவர்களுக்குப் புரிந்திருக்க வேண்டும். உடைநாகரிகம் அன்றைக்கும் பயணம் செய்தது. அதைச் சுமந்து வந்தவள் சிங்கி. சேதியும் அவள்தான் சுமந்து வந்தாள். தான் கண்ட நாடுகளையும் மலைகளையும் வரிசையாகச் சொல்லித்தான் அவள் வசந்தவல்லியின் நம்பிக்கையைப் பெறுகிறாள்.

சிங்கியின் பதில்களில் இரண்டு சிறப்புகள் உண்டு. உடம்பில் கிடக்கும் ஒவ்வொன்றையும் கொடுத்த கையை அவளால் சொல்ல முடிகிறது. ஒவ்வொன்றும் அவள் உழைத்துப் பெற்ற கூலி என்பதையும் சொல்ல முடிகிறது. சிங்கன் கேட்பது நகையைப் பற்றித்தான் என்றாலும் அவன் மனசுக்குள் இருப்பது வேறு. தன் கண்ணுக்கு எட்டாத இடங்களுக்குப் போய்ச் சம்பாதித்து வந்த மனைவியைப் பார்க்கிற கணவனின் கலக்கம் அது. இன்றைக்கு மனைவியின் கைப்பேசியைக் கையில் எடுத்து, இந்த எண் யாருடையது, இந்தப் படத்துக்கு இதயம் போட்டவன் யார் என்று கேட்கிற குரலும் அந்தக் கலக்கத்திலிருந்தே வருகிறது.

அதே நூலின் பவனிப் பகுதியில் இன்னொரு காட்சி. குற்றாலநாதர் வருகிறார் என்ற சத்தம் கேட்டுப் பெண்கள் தெருவுக்கு ஓடி வருகிறார்கள். ஒருத்தி ஒரு கைக்கு வளையல் போட்டு மறுகைக்குப் போட மறந்து ஓடுகிறாள். ஒருத்தி ரவிக்கையை இடுப்பில் சுற்ற, இடுப்பு உடையை மார்புக்குக் கொண்டுபோகிறாள். ஒருத்தி ஒரு கண்ணில் மை, மறுகண்ணுக்கு எடுத்த மை கையிலேயே இருக்க, அப்படியே வந்து நிற்கிறாள். உலா இலக்கியத்தில் காலங்காலமாக வரும் மரபுதான் இது. பவனி என்பது அந்தக் காலத்தின் பெரிய காட்சி ஊடகம். அதைப் பார்க்கப் போகிறவர்கள் தாங்களும் பார்க்கப்படுவோம் என்று அறிந்தே அலங்கரித்தார்கள் என்பதற்கு அந்தப் பாதிக் கண் மையே சாட்சி.

ரவிக்கை என்ற சொல்லைக் கடந்து போக மனம் வரவில்லை. கவிராயர் பாட்டில் ரவிக்கை சாதாரணமாக வருவதால் அன்று எல்லாப் பெண்களும் அதை அணிந்தார்கள் என்று கொள்ள முடியாது. மேலகரத்துக்கு மேற்கே சில மைல் தூரத்தில் இருக்கும் செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூரிலும் அதன் தொடர்ச்சியான திருவிதாங்கூர்-கொச்சியிலும் இருந்தது. அந்தத் திருவிதாங்கூரின் தென்கோடியில் நாடார் பெண்கள் மார்பை மறைக்கும் உரிமைக்காக 1820களில் தொடங்கி நெடுங்காலம் போராட வேண்டியிருந்தது. தோள்சீலைப் போராட்டம் என்று நாம் அறிந்தது அதுதான். 1859ஆம் ஆண்டின் அரச அறிவிப்பு அவர்கள் மேலாடை அணிய அனுமதித்தது; உயர்சாதிப் பெண்கள் அணிவதுபோல அணியக் கூடாது என்ற நிபந்தனையோடு. உடை விருப்பத்தின் விஷயம் என்று பேசும்போதெல்லாம் இதை நினைவில் வைக்க வேண்டும். ஒரு துணி உடம்பில் எந்த இடத்தில், எந்த மடிப்பில் விழ வேண்டும் என்று அரசாணை போட்ட நாடு நம் பக்கத்து நாடு.

சிங்கிக்கு அதன்பின் என்ன ஆயிற்று என்பதை ஊடக வரலாறாகவே எழுதலாம். 1944இல் ருக்மிணி தேவி அருண்டேலின் கலாக்ஷேத்ரா குற்றாலக் குறவஞ்சியை நாட்டிய நாடகமாக மேடையேற்றியது. வீணை கிருஷ்ணமாச்சாரியார் இசையமைத்தார். மேலகரத்துப் பாட்டு சென்னையின் அரங்குக்குப் போனது. சிங்கியின் உடையும் அசைவும் செவ்வியல் நடனத்தின் அளவுக்குள் வந்தன. இன்னொரு பக்கம், தென்மாவட்டத் திருவிழா மேடைகளில் குறவன் குறத்தி ஆட்டம் வேறு பாதையில் இறங்கியது. நாடு சுற்றி, கைபார்த்து, நாலு ஊர்ச் சேதி சொன்னவளுக்கு அந்த மேடையில் பேச்சே இல்லாமல் போயிற்று. இரட்டை அர்த்த வசனமும் குறைந்த உடையும் அவள்மேல் ஏற்றப்பட்டன. கைப்பேசியில் படம் பிடிக்க வசதி வந்ததும் அந்த ஆட்டங்கள் யூடியூபில் ஏறின. ஒரு கிராமத்தில் ஒரு ராத்திரி நடந்து முடிய வேண்டியது, உலகம் முழுக்க எந்நேரமும் ஓடுகிற காட்சியாயிற்று. குறவர் சமூகத்தினர் இதை எதிர்த்து நீதிமன்றம் வரை போனார்கள். 2023இல் தமிழ்நாடு அரசு நாட்டுப்புறக் கலைப் பட்டியலிலிருந்து குறவன் குறத்தி ஆட்டத்தை நீக்கி, அந்தப் பெயரில் ஆடுவதற்குத் தடை விதித்தது.

அந்தத் தடையை நான் சரி என்றே நினைக்கிறேன். ஒரு சமூகத்தின் பெயரை மற்றவர்கள் எடுத்து மாட்டிக்கொண்டு ஆடுகிற ஆட்டத்தில், அந்தச் சமூகத்துப் பெண் பள்ளிக்கூடத்திலும் பேருந்திலும் கேலிப் பேச்சைச் சுமக்க வேண்டியிருந்தது. கலை அழிகிறது என்று வருந்துகிறவர்கள் கவிராயரின் சிங்கியை ஒருமுறை படிக்கட்டும். அவள் தன்னைப் பற்றித் தானே பேசினாள். அந்த மேடைகள் அழித்தது அதைத்தான்.

இடையில் வந்த கருவிகளைச் சுருக்கமாகச் சொல்லலாம். 1904இல் செங்கோட்டை வழியாகக் கொல்லத்துக்கு ரயில் ஓடியது. 1963இல் திருநெல்வேலி வானொலி நிலையம் வந்தது. அதற்கு முன்பும் பின்பும் இந்தச் சீமையின் காதை ஆண்டது இலங்கை வானொலி. கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீது ஆகியோரின் குரல்கள் சொந்தக்காரர் குரல்போல வீட்டுக்குள் இருந்தன. சிங்கியின் காலாழி வந்த அதே தீவிலிருந்து பாட்டு வந்தது. 1982இல் இலங்கையில் ரூபவாகினித் தொலைக்காட்சி தொடங்கியபோது, உயரமான ஆன்டெனா நட்டுப் படத்தையும் பிடித்தார்கள் தென்மாவட்டத்து மக்கள். ஒரு தெருவுக்கு ஒரு பெட்டி. திண்ணையிலும் முற்றத்திலும் உட்கார்ந்து ஊரே பார்த்தது. 2006க்குப் பிறகு அரசு இலவச வண்ணத் தொலைக்காட்சி கொடுத்தபோது அந்தக் கூட்டம் கலைந்து அவரவர் வீட்டுக்குப் போனது. அடுத்தவர் வீட்டு வாசலில் நின்று பார்த்து, சாதியின் பெயரால் விரட்டப்பட்ட பிள்ளைகளுக்கு அந்தப் பெட்டி ஒரு விடுதலை. கூடிப் பார்த்த பழக்கம் போயிற்றே என்று மட்டும் வருந்துகிறவர்கள் இதையும் சேர்த்து எண்ண வேண்டும்.

உடைக்கு ஊர் பெயர் போய் நடிகை பெயர் வந்ததும் இந்தக் காலத்தில்தான். 1985இல் ‘பூவே பூச்சூடவா’ வந்த பிறகு நதியா கம்மல், நதியா வளையல், நதியா கொண்டை என்று கடைவீதி முழுக்க ஒரே பெயர். கொடுத்த கையின் இடத்தில் திரையில் கண்ட முகம் வந்து உட்கார்ந்தது. அதிலும் ஒரு நன்மை இருந்தது. வசதியானவர் வீட்டுப் பெண்ணும் பீடி சுற்றுகிற வீட்டுப் பெண்ணும் ஒரே மாதிரி கம்மலைப் போட முடிந்தது. இன்றைக்கு நகைக்கும் துணிக்கும் பெயரே இல்லை. எங்கே வாங்கினாய் என்றால் ஆன்லைனில் என்பதோடு முடிந்துவிடுகிறது. நெய்தவர் யார், எந்த ஊர் என்று சிங்கி சொன்னதுபோலச் சொல்ல நம்மில் ஒருவராலும் முடியாது. சல்லா நெய்த சீமையில் உட்கார்ந்துகொண்டு சூரத்திலிருந்து வரும் பொட்டலத்தைப் பிரிக்கிறோம்.

பொருளைப் போலவே சேதிக்கும் ஒரு காலத்தில் பெயரும் ஊரும் இருந்தன. குற்றாலத்தில் வாழ்ந்து 1954இல் மறைந்த ரசிகமணி டி.கே. சிதம்பரநாத முதலியாரை இங்கே நினைக்காமல் இருக்க முடியாது. திருநெல்வேலியில் அவர் வீட்டு வட்டத்தொட்டியில் நண்பர்கள் கூடிக் கவிதை பேசினார்கள். குற்றாலத்துக்கு வந்த பிறகு அவருடைய கடிதங்களே வட்டத்தொட்டி ஆயின. பின்னால் அவை புத்தகமாகவும் வந்தன. கடிதம் ஒருவர் பெயருக்குப் போவது. யார் படிப்பார் என்று தெரிந்தே எழுதப்படுவது. ‘குற்றாலம் இன்று’ என்று காலையில் ஐந்தருவியை எடுத்துப் போடுகிற இன்றைய காணொளியை யார் பார்ப்பார் என்று எடுத்தவருக்குத் தெரியாது. அதனால் அது கெட்டது என்று சொல்ல மாட்டேன். பேரருவியில் தண்ணீர் விழுகிறதா, குளிக்கத் தடை உண்டா என்று தெரியாமல் பிள்ளை குட்டிகளோடு விருதுநகரிலிருந்து பஸ் ஏறி வந்து ஏமாந்து திரும்பிய குடும்பங்களுக்கு அந்தக் காணொளி பெரிய உதவி.

ஆனால் அதே கேமரா அருவிக்கரையில் திரும்பும் பக்கத்தைப் பற்றிப் பேசியாக வேண்டும். குற்றாலத்தில் குளிப்பது கூட்டத்தோடு குளிப்பது. பெண்களுக்குத் தனிப் பகுதி உண்டு என்றாலும் மறைப்பு இல்லை. சேலையோடு குளித்த காலம் போய், நைட்டியும் சுடிதாரும் அருவி உடையாகி ஒரு தலைமுறை ஆகிவிட்டது. தோளில் ஒரு துண்டு, அதற்குமேல் யாரும் யாரையும் உற்றுப் பார்ப்பதில்லை என்ற எழுதாத ஒப்பந்தம். இந்த ஒப்பந்தத்தை நம்பித்தான் மூன்று தலைமுறைப் பெண்கள் ஒன்றாக அந்தத் தண்ணீருக்குள் நின்றார்கள். வீட்டில் எல்லாருக்கும் அடங்கி நடக்கும் பாட்டிகூட அருவிக்கடியில் கத்திச் சிரிப்பாள்.

2016இல் ஜியோ வந்து இணையம் மலிந்த பிறகு, எதிரே நிற்கிற ஒவ்வொரு கையிலும் ஒரு கேமரா. அருவியைப் பின்னணியாக வைத்துத் தன்னைப் படம் எடுக்கிறவர் சட்டகத்துக்குள் நாற்பது பெண்கள் ஈரத் துணியோடு விழுகிறார்கள். வேண்டுமென்றே அவர்களை எடுக்கிறவர்களும் உண்டு. 2013இல் குற்றச் சட்டத்தில் சேர்ந்து, இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவின் 77ஆம் பிரிவாக இருக்கும் சட்டம், பெண்ணைத் திருட்டுத்தனமாகப் படம் எடுப்பதைத் தண்டிக்கிறது. அந்தச் சட்டம் அவள் தனிமையை எதிர்பார்க்கக்கூடிய இடத்தில் இருக்க வேண்டும் என்கிறது. அருவி பொது இடம். துணியோடு பொது இடத்தில் குளிக்கிறவளுக்கு அந்தப் பிரிவின் காப்பு எளிதில் கிடைக்காது. சோப்பும் எண்ணெயும் ஷாம்பும் அருவியைக் கெடுக்கின்றன என்று உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அவற்றுக்குத் தடை விதித்தது. அந்தத் தண்ணீருக்குள் நிற்கிறவளின் நிம்மதி கெடுவதும் அதே அளவு கவலைக்குரியது.

2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீரென்று காட்டு வெள்ளம் இறங்கியது. குளித்துக்கொண்டிருந்தவர்கள் சிதறி ஓடினார்கள். 17 வயதுப் பள்ளி மாணவன் ஒருவன் அடித்துச் செல்லப்பட்டு இறந்தான். அந்த வெள்ளத்தின் காணொளிகள் அன்று மாலைக்குள் தமிழ்நாடு முழுவதும் போய்ச் சேர்ந்தன. தண்ணீர் வருகிறது என்ற சேதி மட்டும் மேலே காட்டிலிருந்து கீழே அருவிக்கடியில் நின்றவனுக்கு நேரத்தோடு வந்து சேரவில்லை. நம் கையில் இருக்கும் கருவியின் ஆற்றல் முழுக்க நடந்ததைக் காட்டுவதில் செலவாகிறது. நடக்கப்போவதைச் சொல்ல அதைப் பழக்கவில்லை. சிங்கியின் தொழிலே அதுதான்: வருவது உரைப்பது.

பழைய குற்றாலத்துக்குச் சில கிலோமீட்டர் தள்ளி மத்தளம்பாறை. ஸோஹோ நிறுவனம் அங்கே அலுவலகம் வைத்துப் பத்தாண்டுக்கு மேலாகிறது. உலகெங்கும் நிறுவனங்கள் வாடிக்கையாளர் குறைகளைக் கவனிக்கப் பயன்படுத்தும் ஸோஹோ டெஸ்க் மென்பொருளில் பெரும்பங்கு வேலை இங்கே நடந்தது. நிறுவனர் ஸ்ரீதர் வேம்புவும் தென்காசிப் பக்கம் வந்து வாழ்கிறார். அந்த நிறுவனம் 2021இல் ஒரு செய்திப் பரிமாற்றச் செயலியைக் கொண்டுவந்து ‘அரட்டை’ என்று பெயர் வைத்தது. 2025 செப்டம்பர் கடைசியில் நாடு முழுவதும் மக்கள் அதைத் தேடிப் பதிவிறக்கினார்கள். திண்ணையில் வெட்டிப்பேச்சு என்று திட்டு வாங்கிய சொல்லை வடநாட்டவரும் உச்சரிக்கப் பழகினார்கள்.

இந்தச் சீமையின் பெண்களுக்கு அந்த அலுவலகத்தின் பொருள் வேறு. சம்பாதிக்க வேண்டுமானால் சென்னைக்கோ பெங்களூருக்கோ போக வேண்டும், போனால் ஊர் பேசும் என்ற நிலையில், காலையில் போய்ச் சாயங்காலம் வீட்டுக்கு வருகிற மென்பொருள் வேலை கைக்கெட்டும் தூரத்தில் வந்திருக்கிறது. கழுத்தில் அடையாள அட்டையும் முதுகில் மடிக்கணினிப் பையும் போட்டுக்கொண்டு ஒரு பெண் ஊர்ப் பேருந்துக்கு நிற்கும்போது, அந்த அட்டைக்கயிறுதான் இன்றைய காலாழி. அவள் உழைத்துப் பெற்றது; எங்கே, எதற்காகக் கிடைத்தது என்று அவளால் சொல்ல முடிவது.

ஆனால் அவள் கைப்பேசி அப்படி இல்லை. 2020 ஜூன் 29 அன்று டிக்டாக் தடை செய்யப்படும் வரை, வயல்வேலைக்கும் பாத்திரக் கழுவலுக்கும் நடுவே ஒரு நிமிடம் ஆடிப் பாடிப் போட்ட கிராமத்துப் பெண்கள் தமிழ்நாட்டில் எத்தனையோ பேர். இன்று ரீல்ஸ் அதன் இடத்தில் இருக்கிறது. அவர்கள் படத்துக்குக் கீழே வந்து விழும் கேள்விகளைப் படித்தால் சிங்கன் எவ்வளவு மென்மையானவன் என்று தெரியும். சிங்கன் நேரில் நின்று கேட்டான். பதில் கேட்கும் வரை நின்றான். அவளுக்கு அவன் யார் என்று தெரியும். இங்கே முகமும் ஊரும் இல்லாத நூறு பேர் கேட்கிறார்கள். பதிலுக்கு யாரும் காத்திருப்பதில்லை. வீட்டில் இதைக் கண்டவுடன் முதலில் நடப்பது, பெண்ணின் கையிலிருந்து கைப்பேசியைப் பிடுங்குவது. கேட்டவர்களை விட்டுவிட்டுக் கேட்கப்பட்டவளைத் தண்டிக்கிறோம்.

குறவஞ்சியில் அந்த விசாரணை எப்படி முடிகிறது என்பதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். கேள்வியெல்லாம் தீர்ந்து, சிங்கனின் சந்தேகம் கரைந்து ஆசையாகிறது. அங்கேயே, தெருவிலேயே அவளை அணைக்கப் பார்க்கிறான். இவ்வளவு நேரம் எல்லாவற்றுக்கும் பதில் சொன்ன சிங்கி இதற்கு மட்டும் தடை சொல்கிறாள். பட்டப்பகல், நாலு பேர் பார்த்துச் சிரிக்க மாட்டார்களா என்கிறாள். தெருவுக்கு உரியது எது, தங்களுக்கு மட்டும் உரியது எது என்று கோடு போட்டவள் அவள். சிங்கனும் அந்தக் கோட்டுக்குக் கட்டுப்படுகிறான். அவள் நகையைக் காட்டவும் தயங்கவில்லை. மறைக்க வேண்டியதை மறைக்கவும் தயங்கவில்லை. இரண்டுக்கும் அவளிடமே அதிகாரம் இருந்தது.

சாரல் விழாவுக்கு ஆண்டுதோறும் மேடை போடுகிற மாவட்ட நிர்வாகத்திடம் ஒரு வேண்டுகோள். பேரருவியிலும் ஐந்தருவியிலும் பெண்கள் குளிக்கும் பகுதிக்கு எதிரே கேமராவுக்கும் கைப்பேசிப் படப்பிடிப்புக்கும் தடை விதியுங்கள். சோப்புக்குத் தடை இருப்பதுபோல எல்லாரும் படிக்கும்படி பலகை வையுங்கள். அதைப் பார்த்துக்கொள்ளப் பெண் காவலர்களை நிறுத்துங்கள். அருவிக்குப் போகிற நண்பர்களே, பலகை வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. தண்ணீரில் இறங்குவதற்கு முன் உங்கள் கைப்பேசியைப் பைக்குள் போட்டுவிடுங்கள்.